சூடு காணாத தட்டு

இருட்டறையில் சிவப்பு விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. எக்ஸ்ரே ஃபிலிமை டெவலப்பர் தொட்டிக்குள் இறக்கிவிட்டு, லொரெட்டா டஸோனே கண்ணை மூடி வேண்டிக்கொண்டாள்.

என்ன வேண்டிக்கொள்வது என்பதில்தான் சிக்கல்.

இடது வரிசையில் கறுப்புப் பட்டை வராமல் இருந்தால் அவளுடைய இரண்டு வருட ஆராய்ச்சி பிழைக்கும். வந்தால் ஆராய்ச்சி போச்சு. ஆனால் கெஸ் நிரபராதி.

வராதே, என்றாள் மனசுக்குள். உடனே பதறிப்போய், வந்துவிடு, என்றாள்.

ஃபிலிம் அவளைக் கண்டுகொள்ளாமல் தன் வேலையைப் பார்த்தது. ஏணிப்படிபோல மெல்ல மெல்லக் கோடுகள் எழுந்தன. வலது வரிசை, சூடு வைத்த தட்டு. அதில் எழுபதின் உயரத்தில் தடித்த பட்டை. அது வரவேண்டியதுதான். இடது வரிசை, சூடே காணாத தட்டு. அதிலும் அதே உயரத்தில், அதே தடிமனில், மையை ஊற்றினாற்போல ஒரு பட்டை.

வந்துவிட்டது.

லொரெட்டா தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"உயிரோட இருக்கியா?" கதவுக்கு அந்தப் பக்கம் ஜோஸ்லின் பென்ஹேல். பரிசோதனைக்கூடத்தின் மூத்த டெக்னீஷியன். போர்ட் பிரி ஊர்க்காரி, குரலும் அந்த ஊர் உலைக்கூடத்துச் சங்கு மாதிரிதான். "என்னன்னு சொல்லித் தொலை கண்ணு. இங்க நிக்க முடியல, வேகுது."

"வந்திருக்கு."

"எது?"

"எழுபது. கன்ட்ரோல்ல. சூடு வைக்காத தட்டுல."

ஜோஸ்லின், வழக்கத்துக்கு விரோதமாக மெதுவாக, "பூட்டு போட்டிருந்தியே?" என்றாள்.

பூட்டுத்தான் போட்டிருந்தாள். செல் வளர்க்கும் புத்தம் புது இன்குபேட்டருக்குப் பித்தளைப் பூட்டு. சாவி அவள் கழுத்துச் சங்கிலியில். சிலுவை தொங்கவேண்டிய இடத்தில் சாவி தொங்குவதைப் பார்த்து அவளுடைய அம்மா ஞாயிற்றுக்கிழமை பாஸ்தாவுக்கு நடுவே முணுமுணுத்ததெல்லாம் தனிக்கதை.

பூட்டைத் திறக்க யாராலும் முடியாது. கெஸ்ஸால் நிச்சயமாக முடியாது. அவன் இப்போது கடலுக்கு அப்பால், டாஸ்மேனியாவின் மலைமேல் ஏதோ ஒரு மீன் பண்ணையில் சால்மன் முட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனை அங்கே துரத்தியவள் அவள்தான்.

* * *

எந்த செல்லையும் அளவுக்கு மீறிச் சூடாக்கினால் அது பதறும். மற்ற வேலைகளை அப்படியே போட்டுவிட்டு, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு புரதத்தை மளமளவென்று தயாரிக்கும். வெப்ப அதிர்ச்சிப் புரதம் என்று முழுப்பெயர். அதன் எடையை வைத்து, அடிலெய்டின் அந்த மூன்றாம் மாடிப் பரிசோதனைக்கூடத்தில் எல்லோருக்கும் அது வெறும் 'எழுபது'.

லொரெட்டா வளர்த்தவை எலியின் கருப் புற்றுநோய் செல்கள். கருவின் முதல் நாட்களில் இருக்கும் செல்லைப்போல, இன்னும் எதுவாகவும் ஆகாதவை. தோலாகலாம், நரம்பாகலாம், குடலாகலாம், ஆகும்வரை ஒன்றுமில்லை. இந்தப் பச்சை செல்கள் சூட்டுக்கு எப்படிப் பதறுகின்றன என்பதுதான் அவளுடைய கேள்வி. ஒரு தட்டை வெந்நீர்த் தொட்டியில் நாற்பத்து மூன்று டிகிரிக்கு வைப்பாள். இன்னொன்று இன்குபேட்டரில், முப்பத்தேழு டிகிரியில், நிம்மதியாக இருக்கும். நிம்மதியாக இருந்ததில் எழுபது இருக்கக்கூடாது. இருந்தால், யாரோ அதன் நிம்மதியைக் கெடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

போன குளிர்காலம் முழுக்க, ஒவ்வொரு ஃபிலிமிலும் யாரோ கெடுத்திருந்தார்கள்.

இன்குபேட்டர் கதவைத் திறந்துபோட்டு மறந்தது யார்? வெப்பநிலைக் குமிழை இடித்தது யார்? தட்டுகளை மாற்றி வைத்தது யார்? லொரெட்டா முதலில் சிரித்துக்கொண்டு கேட்டாள். பிறகு சிரிக்காமல் கேட்டாள். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டு எல்லோரையும் பார்க்க மட்டும் ஆரம்பித்தாள். காலை டீக்குப் பத்து மணிக்குக் கூடுகிற ஆட்கள் கோப்பையைத் தூக்கிக்கொண்டு அவரவர் மேஜைக்கே போனார்கள்.

அந்த இடத்தில் ஒரு சட்டம் உண்டு. யார் எழுதியதோ தெரியாது. அடுத்தவருடைய பரிசோதனையைக் கெடுத்தவர், காலை டீக்கு ஒரு கேக் கொண்டுவந்து மேஜைமேல் வைக்கவேண்டும். விளக்கம் தேவையில்லை, மன்னிப்பும் தேவையில்லை. கேக்கை வெட்டினால் விவகாரம் தீர்ந்தது. அதற்குமேல் அதைப் பற்றிப் பேசுகிறவன் மனிதனே இல்லை. ஜோஸ்லின் ஒருமுறை சென்ட்ரிஃப்யூஜ் என்ற சுழற்றும் இயந்திரத்தில் அடுத்தவர் குழாய்களை உடைத்துவிட்டு மூன்றடுக்கு ஸ்பாஞ்ச் கேக் கொண்டுவந்தாள். தலைவர் அலிஸ்டர் ட்ரெங்கோவே ஒருமுறை கடையில் வாங்கிய லாமிங்டன் கேக் கொண்டுவந்து, கடையில் வாங்கியதற்காகத் திட்டு வாங்கினார்.

லொரெட்டாவின் எழுபதுக்கு மட்டும் யாரும் கேக் கொண்டுவரவில்லை.

அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை கெஸ் கொண்டுவந்தான்.

கெஸ்டுடிஸ் வைட்குஸ். லிதுவேனிய வம்சம், அடிலெய்டிலேயே பிறந்தவன். நெட்டை உருவம். அடுத்த மேஜையில் மீன் கருக்களோடு வேலை. லொரெட்டாவோடு நாலு வருடமாக, நார்வுட்டில், பின்பக்கம் அத்திமரம் இருக்கும் ஒரு வீட்டில் குடித்தனம். அவன் மேஜையில் வைத்தது அவனுடைய அம்மா செய்கிற தேன் கேக். ஏழெட்டு அடுக்கு, இடையிடையே புளிப்புக் கிரீம். அதை அவனே ராத்திரி முழுக்கச் சுட்டிருந்தான். அம்மாவைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவன்.

எல்லோரும் கேக்கைப் பார்த்தார்கள். பிறகு லொரெட்டாவை.

"எப்ப திறந்தே?" என்றாள் அவள்.

சட்டப்படி அந்தக் கேள்வியே தப்பு. ஜோஸ்லின் கத்தியை எடுத்து அவசரமாக வெட்டப்போனாள். "யாருக்கு ஓரத் துண்டு? எனக்கு ஓரத் துண்டு..."

"எப்ப திறந்தே கெஸ்?"

கெஸ் காதைச் சொறிந்தான். "செவ்வாய்க்கிழமைன்னு வெச்சுக்கோயேன்."

"எத்தனை செவ்வாய்க்கிழமை?"

அவன் கேக்கைப் பார்த்தான். அவள் எழுந்துபோய், வளர்த்துவைத்திருந்த தட்டுகள் அத்தனையையும் ப்ளீச்சில் கொட்டினாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் அவன் சொன்னான். "லொரி, நான் திறக்கல. சத்தியமா. யாரும் யாரோடயும் பேசறதில்ல, நீ தூங்கறதில்ல. ஒருத்தன் கேக் வெச்சா முடிஞ்சிடும்னு நெனச்சேன். அவ்வளவுதான்."

"காலைல திறந்தேன்னே. இப்ப திறக்கலைங்கறே."

"காலைல சொன்னது பொய்."

"எதுடா பொய்? எதை நம்பச் சொல்றே?"

"இப்ப சொல்றதை."

"அப்ப நிரூபி."

"திறக்காத கதவை எப்படி நிரூபிக்கறது?"

வசந்தம் வருவதற்குள் டாஸ்மேனியாவில் வேலை தேடிக்கொண்டான். விமான நிலையத்துக்கு அவனை ஜோஸ்லின்தான் காரில் கொண்டுபோய் விட்டாள்.

* * *

"சீரம்," என்றார் அலிஸ்டர்.

டீ அறையில் ரேடியோ கிரிக்கெட் சொல்லிக்கொண்டிருந்தது. ஜனவரி. வெளியே நாற்பத்து இரண்டு டிகிரி. நார்த் டெரஸ் தெருவின் தார் செருப்பில் ஒட்டிக்கொண்டு வந்தது. அலிஸ்டர் அரைக்கால்சட்டைக்குக் கீழே நீளக் காலுறை போட்டிருந்தார், எந்த வெயிலிலும் போடுவார். ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"செல்லுக்கு ஊத்தற சீரம் கெட்டுப்போயிருக்கும். வேற கம்பெனி மாத்து."

"மாத்தியாச்சு."

"தொட்டியோட தெர்மாமீட்டர்?"

"மாத்தியாச்சு. இன்குபேட்டர் புதுசு, தட்டு புதுசு, செல்லு நைட்ரஜன்ல உறைய வெச்சிருந்ததுலேர்ந்து எடுத்தது புதுசு. பழசுன்னு பாத்தா நான் ஒருத்திதான்."

"இவ பாட்டரியும் பழசு," என்றாள் ஜோஸ்லின். "மூஞ்சியப் பாருங்க. சாப்பிட்டு எத்தனை நாளாச்சோ."

அலிஸ்டர் ஃபிலிமை மேஜையில் போட்டார். அவர் கெட்டவரில்லை. ஆனால் மார்ச்சில் மானியக்குழு வருகிறது. "லொரெட்டா, ஓப்பனா சொல்றேன். கன்ட்ரோலே சரியில்லாத ஒரு வேலைய எடுத்துக்கிட்டு நான் அவங்க முன்னாடி போய் நிக்க முடியாது. இன்னும் ஒரே ஒரு தடவை. சரியா வரலைன்னா விட்டுடு. கெஸ் விட்டுப்போன மீன் வேலை அப்படியே கெடக்கு, அதை எடுத்துக்கோ."

கெஸ்ஸின் மேஜையில் உட்கார்ந்து, கெஸ்ஸின் நாற்காலியை உயரம் குறைத்துக்கொண்டு, கெஸ்ஸின் வேலையைச் செய்வது. லொரெட்டா ஃபிலிமை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"அலிஸ்டர், ஒண்ணு கேக்கறேன். இது தப்பே இல்லன்னா?"

"எது?"

"யாருமே சூடு வைக்கலன்னா? அதுவாவே இருந்தா?"

"சூடில்லாம எழுபதா?" அவர் சிரித்தார். "செல்லுக்கு அது எதுக்கு? மழையே இல்லாம குடை பிடிச்சிக்கிட்டு நிக்குமா?"

அந்தக் கேள்வி அவளோடு படியிறங்கி, பஸ் ஏறி, நார்வுட்டுக்கு வந்தது. வீட்டில் ஜன்னலெல்லாம் அடைத்துக் கிடந்தது. அத்திமரத்தில் பழங்களைப் பறவைகள் கொத்திக்கொண்டிருந்தன. போன வருடம் கெஸ் வலை கட்டினான். இந்த வருடம் யாரும் கட்டவில்லை. குளியலறையில் அவன் விட்டுப்போன சீப்பு அப்படியே இருந்தது. அவள் அதைத் தள்ளி வைப்பதுமில்லை, தூக்கிப்போடுவதுமில்லை. தினமும் அதைச் சுற்றித் துடைப்பாள்.

கட்டிலின் அவனுடைய பக்கம் சில்லென்று இருந்தது. இந்த வெயிலிலும்.

ஐந்து மாதமாக அவனைத் திருடன் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது கோபம் இருந்தது. கோபம் ஒரு நல்ல துணை, பேசிக்கொண்டே இருக்கும். இப்போது அது எழுந்து போய்விட்டது. காலியான இடத்தில், அவன் காலையில் கெட்டிலை வைக்கும் சத்தம், ரேடியோவோடு வாதாடும் சத்தம், அவளுடைய பெயரை அந்த லிதுவேனிய நாக்கில் கொஞ்சம் நீட்டி இழுக்கும் சத்தம் எல்லாம் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தன.

ஆனாலும் ஒரு ஃபிலிம் போதாது. பூட்டும் போதாது. இன்குபேட்டருக்குச் சூடாக்கத்தான் தெரியும், குளிர்விக்கத் தெரியாது. அறையே கொதித்தால் உள்ளே ஏறிவிடும். இந்த வெயிலில் யார் வேண்டுமானாலும் அதைச் சொல்லலாம். கெஸ்ஸிடம் போய் நின்றால், இந்தத் தடவை துளிச் சந்தேகம் இருக்கக்கூடாது.

தெர்மாமீட்டரை நம்பமுடியாது. பூட்டை நம்பமுடியாது. உள்ளே சூடு ஏறியதா இல்லையா என்று சொல்ல, உள்ளேயே ஒரு சாட்சி வேண்டும்.

பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது அது வந்தது. அவள் பிரஷ்ஷை வாயில் வைத்தபடியே நின்றாள்.

* * *

"ஒரே அலமாரி," என்றாள் மறுநாள், ஜோஸ்லினிடம். "ஒரே தட்டம். பக்கத்துல பக்கத்துல. இது பச்ச செல்லு. இந்த இன்னொண்ணுல ரெட்டினோயிக் அமிலம் ஊத்தறேன். நாலஞ்சு நாள்ல இது மாற ஆரம்பிச்சிடும். கருவோட வெளிச்சுவர்ல இருக்குமே, அந்த மாதிரி ஆயிடும்."

"அதாவது ஒண்ணு குழந்தை. இன்னொண்ணு வேலைக்குப் போற ஆளு."

"அப்படித்தான் வெச்சுக்கோ. மாறின செல்லு சூட்டுக்கு நல்லாப் பதறும். அது தெரிஞ்ச விஷயம். இன்குபேட்டர்ல நெஜமாவே சூடு ஏறியிருந்தா, அதுலயும் எழுபது வந்தே தீரணும்."

ஜோஸ்லின் கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "வரலைன்னா?"

"வரலைன்னா உள்ள சூடே இல்ல. கதவை யாரும் திறக்கல. எப்பவுமே திறக்கல."

ஜோஸ்லின் அவளைத் திரும்பிப் பார்த்தாள். இதில் மானியக்குழுவுக்கும் அலிஸ்டருக்கும் வேலையில்லை என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. "சரி, எத்தனை தட்டு ஊத்தணும் சொல்லு," என்றாள்.

அமிலம் விட்ட தட்டுகளில், இரண்டாம் நாளே செல்கள் கூட்டத்தைவிட்டு விலக ஆரம்பித்தன. பச்சை செல்கள் திராட்சைக்குலை மாதிரி ஒட்டி ஒட்டிக் கிடக்கும். எது எங்கே முடிகிறது என்று தெரியாது. மாறுகிறவை தட்டையாகி, கையை நீட்டி, தமக்கென்று ஓர் இடம் பிடித்துக்கொள்ளும். லொரெட்டா மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தால் எடுக்க மனசு வராமல் உட்கார்ந்திருந்தாள்.

செல்களை அறுவடை செய்யவேண்டிய நாளன்று கட்டடத்தின் ஏ.சி. செத்துப்போனது.

முதலில் காற்று நின்றது. அப்புறம் சத்தம் நின்றது. அரைமணியில் மூன்றாம் மாடி அடுப்பாகிவிட்டது. பராமரிப்புக்காரன் தொலைபேசியில், ஊர் முழுக்க இதே கதை, வரிசையில் நில்லுங்கள் என்றான். அறை முப்பத்தாறு. முப்பத்தேழு. இன்குபேட்டரின் எண் ஒரு புள்ளி மேலே நகர்ந்தது.

"ஏறுது," என்றாள் லொரெட்டா.

"பாத்துக்கிட்டே நின்னா எறங்கிடுமா?" ஜோஸ்லின் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். கீழ்த்தளத்து ஐஸ் இயந்திரம் காலியாகும்வரை அள்ளினார்கள். இன்குபேட்டரைச் சுற்றி, மேலே, அடியில், வாளி வாளியாக ஐஸ். அலிஸ்டர் வந்து பார்த்தார். காலுறையைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, இரண்டு வாளியோடு படியிறங்கினார். அந்தக் காலுறை கழன்றதை அந்த மாடியில் அதற்குமுன் யாரும் பார்த்ததில்லை.

"தலைவருக்குக் கணுக்கால் இருக்கு!" என்று ஜோஸ்லின் படிக்கட்டில் கத்தினாள்.

"வாய மூடிக்கிட்டு வாளியத் தூக்கு," என்றார் அலிஸ்டர் கீழிருந்து.

எண் நின்றது. மூச்சுவிடாமல் நின்றது. பிறகு, பெரிய மனசு பண்ணி, ஒரு புள்ளி இறங்கியது.

லொரெட்டா பூட்டைத் திறந்தாள். பச்சையில் ஒன்று, மாறியதில் ஒன்று, வெந்நீர்த் தொட்டிக்கு. பச்சையில் ஒன்று, மாறியதில் ஒன்று, சூடில்லாமல். புதிதாக உருவாகும் புரதம் ஃபிலிமில் தெரியும்படி கதிரியக்க மெத்தியோனைன் விட்டாள். செல்களைச் சுரண்டி எடுத்தாள். புரதங்களை எடைவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் ஏற்றினாள். தரையெல்லாம் ஐஸ்தண்ணீர் ஓடியது; செருப்பு நனைந்தது அவளுக்குத் தெரியவில்லை.

* * *

மறுபடி சிவப்பு விளக்கு. இந்தத் தடவை ஜோஸ்லினும் உள்ளே வந்துவிட்டாள். இரண்டு பேர் நிற்க இடமில்லாத அறை.

"என் கால்மேல நிக்கறே."

"உன் காலு ஏன் என் காலுக்கு அடியில இருக்கு?"

கோடுகள் எழுந்தன.

முதல் வரிசை. பச்சை செல், சூடில்லை. எழுபது: தடித்த பட்டை.

இரண்டாவது. பச்சை செல், சூட்டோடு. எழுபது: அதே பட்டை. கூடவுமில்லை, குறையவுமில்லை என்றே சொல்லலாம். சூடு வைத்ததை அது சட்டையே செய்யவில்லை.

மூன்றாவது. மாறிய செல், சூடில்லை. அதே அலமாரி, அதே தட்டம், பக்கத்துத் தட்டு. எழுபதின் இடத்தில் பென்சிலால் இழுத்தமாதிரி ஒரு சாயல். அவ்வளவுதான்.

நான்காவது. மாறிய செல், சூட்டோடு. எழுபது ஃபிலிமைக் கிழித்துக்கொண்டு வருகிறமாதிரி, கன்னங்கரேலென்று.

ஜோஸ்லின் மூன்றாவது வரிசைமேல் விரலை வைத்தாள். "உள்ள சூடு இருந்திருந்தா இது கத்தியிருக்கும்."

"ம்."

"கத்தல."

"கத்தல."

எந்தத் திருடனும் இல்லை. எந்தக் கதவும் திறக்கவில்லை. இன்னும் எதுவாகவும் ஆகாத அந்தச் செல்கள், யாரும் சுடாமலே, சூட்டுக்கான புரதத்தைக் கை நிறைய வைத்துக்கொண்டு காத்திருக்கின்றன. சுட்டால் புதிதாகப் பதறத் தெரியவில்லை. ஏதோ ஒன்றாக ஆனபிறகுதான் அதைக் கீழே வைக்கின்றன. அதன்பிறகுதான் சூடு பட்டால் சுருக்கென்கிறது.

அலிஸ்டர் ஃபிலிமை ஜன்னலில் பிடித்து நெடுநேரம் நின்றார். "லொரெட்டா," என்றார் கடைசியில். "மழையில்லாமத்தான் குடை பிடிச்சிக்கிட்டு நின்னிருக்கு. இத்தனை மாசமா உன் தப்பு தப்புன்னு சொல்லிக்கிட்டிருந்தோமே, அதுதான் உன் கண்டுபிடிப்பு. உக்காரு. இப்பவே எழுத ஆரம்பி."

"ஒரு போன் பண்ணணும்."

"அப்புறம் பண்ணேன்."

"விடுங்க அலிஸ்டர்," என்றாள் ஜோஸ்லின். "உங்க காலுறை இன்னும் மேஜைமேலயே கெடக்கு. போய்ப் போட்டுக்கோங்க."

* * *

மீன் பண்ணையில் யாரோ ஒருத்தி எடுத்து, கெஸ்ஸைக் கூப்பிடப் போனாள். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. ஒரு முழு மலை ஓடை தொலைபேசிக்குள் ஓடுவதுபோல. லொரெட்டா ஃபிலிமை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஹலோ?"

ஐந்து மாதம் கழித்து அந்த ஒரு சொல். அவளால் உடனே பேசமுடியவில்லை.

"லொரியா?"

"எப்படித் தெரிஞ்சுது?"

"பேசாம இருந்தே. வேற யாரு?"

அவள் சொன்னாள். மூச்சுவிடாமல் சொன்னாள். பூட்டு, ஐஸ், நாலு வரிசை, மூன்றாவது வரிசையின் பென்சில் கோடு. அவன் குறுக்கிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டான்: "மாறின செல்லை எத்தனை நாள் வெச்சே?" வேலை தெரிந்தவன் கேள்வி. பதில் சொன்னாள். "நல்ல வேலை," என்றான். "ரொம்ப நல்ல வேலை லொரி. நெஜமா."

"நீ திறக்கல," என்றாள்.

"எனக்குத் தெரியும்."

"இப்ப எனக்கும் தெரியும்."

"எனக்கு அப்பவே தெரியும்." கோபமில்லாமல் சொன்னான். அதுதான் அவளுக்கு வலித்தது. "ஒரு பட்டைய மூணு தடவை சரிபாக்காம நீ நம்பமாட்டே. ஒரு கேக்கை மட்டும் மொதல் தடவையே நம்பிட்டே."

"நீதானே பொய் சொன்னே!"

"ஆமா. நான்தான் சொன்னேன். முட்டாள்தனம்." தண்ணீர் சத்தம். "பொய்ய எல்லார் முன்னாடியும் சொன்னேன், நெசத்தை உன்கிட்ட மட்டும் சொன்னேன். நீ அதைத்தான் எடுத்துப்பேன்னு நெனச்சேன்."

அவள் ஃபிலிமைப் பார்த்தாள். வெளிச்சத்தில் அதன்மேல் விரல்ரேகை தெரிந்தது. "கட்டுரைல உன் பேரையும் போடலாம்னு..."

கெஸ் சிரித்துவிட்டான். நிஜமான சிரிப்பு. "மொத ஆளாவா, ரெண்டாவது ஆளாவா?"

"சிரிக்காதே."

"பின்ன என்ன பண்றது? பேரெல்லாம் வேணாம் லொரி." சிரிப்பு மெல்ல வடிந்தது. "ஒண்ணு கேக்கறேன். மூணாவது வரிசைலயும் பட்டை வந்திருந்தா, இன்னிக்குக் கூப்பிட்டிருப்பியா?"

பொய் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு சொல் போதும். தொலைபேசிக்கு அந்தப் பக்கம் அவன் காத்திருந்தான்.

"இல்ல," என்றாள்.

"ம்."

"கூப்பிடணும்னு தோணும். தெனமும் தோணிச்சு. போனைக் கையில எடுத்து எடுத்து வெச்சிருக்கேன். ஆனா கூப்பிட்டிருக்கமாட்டேன். உன்கிட்ட வர்றதுக்கு என் கையில ஏதாவது இருக்கணும்னு..."

அவன் நீளமாக மூச்சுவிட்டான். "நெசத்தைச் சொன்னே. சரி."

"நான் அங்க வரட்டுமா கெஸ்?"

"இப்ப வேணாம்."

"எப்ப?"

"தெரியல. இங்க முட்டையெல்லாம் பொரியற நேரம். தண்ணிய எட்டு டிகிரியிலயே வெச்சிருக்கணும். அதைவிட்டு நகரமுடியாது." அது காரணமில்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். "லொரி, என்னிக்காவது ஒரு நாள் கூப்பிடு. ஃபிலிம் இல்லாம. ரிசல்ட்டு எதுவும் இல்லாம. சும்மா."

"என்ன பேசறது?"

"அதுதான் எனக்கும் தெரியல," என்றான். வைத்துவிட்டான்.

* * *

ஞாயிற்றுக்கிழமை தெற்கிலிருந்து குளிர்காற்று வந்து வெயிலை ஊரைவிட்டுத் தள்ளியது. அடிலெய்ட் முழுக்கக் கதவுகளையும் ஜன்னல்களையும் திறந்துபோட்டது. பரிசோதனைக்கூடத்தில் கட்டுரையின் முதல் பக்கம் டைப்ரைட்டரிலேயே இருந்தது. அம்மா பாஸ்தாவுக்கு வரச்சொல்லி இரண்டு தடவை கூப்பிட்டாகிவிட்டது.

லொரெட்டா கூடத்துத் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, தொலைபேசியை மடியில் வைத்துக்கொண்டாள். சொல்வதற்கு ஏதாவது இருக்கிறதா என்று தேடினாள். பழக்கதோஷம். பறவைகள் அத்திப்பழத்தைத் தின்கின்றன என்று சொல்லலாம். அலிஸ்டரின் கணுக்காலைப் பற்றிச் சொல்லலாம். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, எல்லாவற்றையும் கீழே வைத்தாள். வெறுங்கையோடு எண்களைச் சுழற்றினாள்.

அதே பெண் எடுத்தாள். "கெஸ்ஸா? மேல் தொட்டிக்குப் போயிருக்கானேம்மா. வர நேரமாகும். முக்கியமான விஷயமா?"

"இல்ல."

"ஏதாவது சொல்லணுமா?"

"ஒண்ணும் இல்ல. லொரெட்டா கூப்பிட்டான்னு மட்டும் சொல்லுங்க."

"என்ன விஷயமாம்னு கேட்பானே?"

"விஷயம் எதுவும் இல்லன்னு சொல்லுங்க. மறக்காம அதைச் சொல்லுங்க."

"விஷயமே இல்லாமலா அடிலெய்டுலேர்ந்து மலைக்கு மேல போன் போடறே?" அந்தப் பெண் சிரித்தாள். "சரிம்மா. வந்ததும் சொல்றேன்."

லொரெட்டா ரிசீவரை வைத்தாள். எழுந்திருக்கவில்லை. திறந்த கதவு வழியாகக் காற்று வந்து காலில் பட்டது. மேல் தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கும், அங்கிருந்து இறங்கி வர ஒரு நெட்டை மனிதனுக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று அவளுக்குத் தெரியாது. தொலைபேசியை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.